மாட்டுக்கு ஒரு எண்

கால்நடை டாக்டர் என்றால் ஊசி போடுவார், சினை பார்ப்பார், ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்குக் கன்றை இழுத்து எடுப்பார். ஊர் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான். அரசு மருந்தகத்தில் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது ஊருக்குள் தொற்று நோய் வந்தால்தான் தெரியும். நேற்று வரை திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த வீட்டில் போய், "மாட்டை மேய்ச்சலுக்கு விடாதீங்க, சந்தைக்கு ஓட்டாதீங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரரை இந்தக் கட்டுத்தரைக்குள்ள விடாதீங்க" என்று சொல்ல வேண்டும். வைத்தியம் பார்க்கும்போது கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடைக்காது. மோரும் கிடைக்காது.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கொங்குப் பக்கத்துக் கிராம மருந்தகங்களில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் பார்த்தால், அறுத்ததையும் தைத்ததையும் விட இந்தக் கட்டுப்படுத்தும் வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. வைத்தியக் கதைகளை எங்கள் ஆட்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டிய மாடு இன்று தமிழ்நாட்டில் எந்தச் சாலையிலும் கண்ணில் படும். அது எதற்கு என்று கேட்டால் "லோனுக்குங்க", "இன்சூரன்சுக்குங்க", "கவர்மென்ட் கணக்குக்குங்க" என்று பதில் வரும். நோய்க்காக என்று சொல்கிறவர் குறைவு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த மருத்துவர்களின் பேச்செல்லாம் வெக்கை நோயைப் பற்றித்தான். வெக்கை புகுந்த ஊரில் தொழுவம் தொழுவமாகக் காலியாகும். ராணிப்பேட்டையில் இன்று பலவகைத் தடுப்பூசிகள் தயாரிக்கும் நிலையம் 1932ல் தொடங்கப்பட்டதே வெக்கைக்கான சீரம் தயாரிக்கத்தான். நம் மாடுகளின் வெக்கை உலகத்தையே கூட்டம் கூட வைத்த கதையும் உண்டு. 1920ல் இந்தத் துணைக்கண்டத்திலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு போன நோய் பெல்ஜியத்து மாடுகளைப் பிடித்துக்கொண்டது. அந்த அதிர்ச்சியில்தான் நாடுகள் கூடிப் பேசி, 1924ல் பாரிஸில் விலங்கு நோய்களுக்கான பன்னாட்டு அமைப்பை ஏற்படுத்தின. மாடு எங்கிருந்து வந்தது, வழியில் எதோடு நின்றது என்று தெரியாமல் போனதால் வந்த வினை அது. நூறு வருடம் கழித்து எங்கள் சந்தையிலும் கேள்வி அதேதான்.

இந்தியாவில் வெக்கை கடைசியாகப் பதிவானது 1995ல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். 2006ல் நாடு வெக்கைத் தொற்றே இல்லாதது என்று அங்கீகாரம் பெற்றது. 2011ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. இந்தச் சாதனையைச் சொல்லும்போது எங்கள் துறை ஆட்களுக்கு நெஞ்சு நிமிரும். நியாயமான பெருமைதான்.

ஆனால் அந்த வெற்றி எங்களுக்கு ஒரு தப்பான நம்பிக்கையையும் கொடுத்துவிட்டுப் போனது. வெக்கையை ஒழிக்க எந்த மாட்டுக்கும் எண் தேவைப்படவில்லை. வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசியை ஒரு முறை போட்டால் அந்த மாட்டின் ஆயுளுக்குத் தாங்கும். வெக்கைக் கிருமியில் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பும் வேறு வேறு வகைகள் கிடையாது. போட்ட மாட்டுக்கே மறுபடி போட்டாலும் நட்டமில்லை. எனவே ஊர் ஊராகப் போய், கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டார்கள். அது போதுமானதாக இருந்தது. கோமாரியையும் இப்படியே விரட்டிவிடலாம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

கோமாரி அந்த ஜாதியே இல்லை. அதன் வைரஸில் ஏழு வகை. நம் நாட்டில் இப்போது நடமாடுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. சி வகை 1995க்குப் பிறகு இங்கே தென்படவில்லை. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்த மாட்டை இன்னொன்று தாராளமாகப் பிடிக்கும். ஊசியின் காவல் ஆறு மாதம் போல்தான். அதற்குள் மறுபடி போட வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் கன்று பிறக்கும், மாடு விற்கும், ஊர் மாறும். நோய் வந்து தேறிய மாடு பார்வைக்கு நன்றாக இருந்தபடியே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், தொண்டைக்குள் கிருமியை வைத்திருக்கும். இந்த நோயில் "ஊருக்கு எத்தனை ஊசி போட்டோம்" என்ற கணக்கு பாதி உண்மைதான். எந்த மாட்டுக்கு, எப்போது, அது இப்போது எங்கே என்பது தெரிந்தால்தான் மீதி.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். எருமை 11 கோடி அளவில். தமிழ்நாட்டு மாடுகள் ஏறக்குறைய 95 லட்சம். ஆடும் பன்றியும் தனி. இத்தனைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால், ஒரு சுற்று முடியும்போது அடுத்த சுற்றுக்கு ஐஸ் பெட்டியைக் கழுவி வைக்க வேண்டியதுதான்.

கோமாரி ஒரு கட்டுத்தரைக்குள் எப்படி நுழையும் என்பதை 2013ல் நன்றாகப் பார்த்தேன். அந்த ஆண்டு தென் மாநிலங்களில் நோய் பெரிய அளவில் அடித்தது. ஒரு நாள் விடிகாலை ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கன்று செத்துக் கிடந்தது. பால் பருவத்துக் கன்று, மேனி மினுமினுப்பு குறையவில்லை.

"ராத்திரி வரைக்கும் துள்ளீட்டு இருந்துச்சுங்க டாக்டர். காலைல ஊட்ட விட்டேன், மடியில வாய வெச்சதும் பொத்துனு விழுந்திருச்சுங்க" என்றார் அந்த வீட்டு ஆத்தா. பாம்பு தீண்டியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

தாய் மாடு முளைக்குச்சியைச் சுற்றி ஒரு காலை உதறி உதறி நின்றது. வாயிலிருந்து கோழை கயிறு கயிறாகத் தரை வரைக்கும் தொங்கியது. நிமிடத்துக்கு ஒரு தரம் உதட்டைச் சப்புக்கொட்டும் சத்தம். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவர் தூரத்திலிருந்தே நோயைச் சொல்லிவிடுவார். வாயைப் பிளந்து நாக்கைப் பிடித்தால் மேல்தோல் கையோடு உரிந்து வந்தது. கன்றை அறுத்துப் பார்த்தேன். இதயத் தசையில் வெளிறிய மஞ்சள் வரிகள். கல்லூரியில் இதைப் புலி இதயம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கோமாரி பெரிய மாட்டின் வாயையும் காலையும் பிடிக்கும். பால் குடிக்கும் கன்றின் இதயத்தையே பிடித்துவிடும். அதனால்தான் பாம்பு கடித்த மாதிரி சட்டென்று விழுகிறது.

"புதுசா மாடு ஏதாச்சும் பிடிச்சாந்தீங்களா ஆத்தா?"

"நாலஞ்சு நாளைக்கு முன்னாடி சந்தையில ஒரு கறவை பிடிச்சாந்தாங்க. வந்ததும் சோர்ந்து நின்னுச்சு. லாரியில வந்த அலுப்புனு விட்டுட்டோமுங்க."

யாரிடம் வாங்கியது என்று கேட்டால், தரகர் பிடித்துக் கொடுத்தது. தரகரைக் கேட்டால், "அது மூணு கை மாறுன மாடுங்க டாக்டர், எந்த ஊர்னு யாருக்குத் தெரியும்?" அத்தோடு நூல் அறுந்துவிட்டது. அந்த மாடு நின்ற லாரியில் வேறு எத்தனை மாடுகள் ஏறின, அவை எந்தெந்த ஊரில் இறங்கின என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. காதில் ஒன்றும் இல்லை. கொம்பு சுட்ட கருப்பு வெள்ளைக் கலப்பினப் பசு. அந்த அடையாளத்துக்கு என் எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இதைவிட மனதை உறுத்தியது பின்னால் தெரிய வந்த விஷயம். அதே இட்டேரியில் நான்கு தோட்டம் தள்ளி ஒருவர் வீட்டில் இரண்டு வாரத்துக்கு முன்பே நோய் வந்திருந்தது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் எல்லாம் அரைத்து வாய்க்குள் தடவி, காலுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றி, தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மருந்தைக் குறை சொல்லமாட்டேன். தஞ்சாவூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மருத்துவ மையமே இதைச் சொல்லிக்கொடுக்கிறது. வாய்ப்புண் ஆறி மாடு தீவனம் எடுக்க நன்றாகவே உதவும். கேள்வி அதுவல்ல. ஏன் சொல்லவில்லை?

கேட்டேன். மறைக்காமல் பதில் சொன்னார். "சொன்னா நீங்க ஊரு முச்சூடும் சொல்லுவீங்க. என் பாலை எவன் வாங்குவான்? அடுத்த வாரம் ஒரு உருப்படியை விக்கறதாப் பேசி வெச்சிருக்கறனுங்க."

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாட்டு நோய்க்குச் சட்டம் போடுவது நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்துக்கு 1866லேயே ஒரு மாட்டு நோய்ச் சட்டம் இருந்தது. இப்போது நாடு முழுவதுக்கும் இருப்பது 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்று மற்றும் ஒட்டுவாரொட்டி நோய்கள் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். அட்டவணையில் உள்ள நோய் தன் கால்நடைக்கு வந்திருப்பதாக ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். நோயுற்றதைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும், பொது இடத்தில் தண்ணீர் காட்டக் கூடாது. அரசு ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தால் அங்கே தடுப்பூசி கட்டாயம். ஊசி போட்ட கால்நடைக்கு அடையாளம் இட வேண்டும், சான்று தர வேண்டும், அந்தச் சான்றும் அடையாளமும் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சந்தை கூட்டக் கூடாது. செத்ததை ஆற்றில் குளத்தில் வீசக் கூடாது. படித்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத சட்டம்.

மீறினால் முதல் முறை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கட்டத் தவறினால் ஒரு மாதம் வரை சிறை. கறவை மாடு ஒன்று ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று கை மாறும் ஊரில் ஆயிரம் ரூபாயைக் கண்டு யாரும் பயப்படப் போவதில்லை. தொகை பெரிதாக இருந்திருந்தாலும் நான் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டேன். ஒருவர் மேல் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை எந்தத் தோட்டத்திலிருந்தும் எனக்குப் போன் வராது. போலீஸ்காரருக்குச் சேதி சொல்ல ஊரில் யாராவது ஒருவர் இருப்பார். தன் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர் அதன் உரிமையாளர் மட்டும்தான். அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். இந்தச் சட்டத்தின் முதல் கண்ணியே அவர்தான். அவருக்குச் சட்டம் கொடுப்பது என்ன? சொன்னால் பால் நிற்கும், விற்பனை நிற்கும், ஊர் பேசும். பால் குறைந்த நாளுக்கு ஈடுகட்ட அதில் ஒரு வழியும் இல்லை. சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர் எதைச் செய்வார்?

2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கி வைத்த தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்த பிறகு காட்சி மாறியது. கோமாரிக்கும் கருச்சிதைவு நோயான புருசெல்லாவுக்கும் சேர்த்து ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய். 2025க்குள் கட்டுப்பாடு, 2030க்குள் ஒழிப்பு என்று இலக்கு. செலவு முழுக்க மத்திய அரசுடையது. ஊசி போடும் ஒவ்வொரு மாட்டுக்கும் எருமைக்கும் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட காதுவில்லை. அந்த எண்ணில் உரிமையாளர் பெயர், ஊர், இனம், வயது, போட்ட ஊசி எல்லாம் கணினியில் ஏற வேண்டும்.

அதுவரை நாங்கள் மாட்டை அடையாளம் எழுதிய விதத்தை நினைத்தால் சிரிப்பு வரும். காப்பீட்டுச் சான்றில் நிறம், கொம்பு, வால் குஞ்சம், நெற்றிப் பொட்டு என்று எழுதுவோம். காங்கேயம் காளை என்றால் உடம்பில் போட்ட சூட்டுக்குறி உதவும். செம்மறி ஆட்டுக்காரர்கள் காதில் வெட்டு வைத்திருப்பார்கள். பட்டி கலந்தாலும் வெட்டைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். தரகர்களோ சுழி பார்த்தே மாட்டை நினைவு வைத்துக்கொள்வார்கள், பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். இதெல்லாம் நல்ல முறைகள்தான், தெரிந்தவர் பார்க்கும் வரைக்கும். வேறு மாவட்டத்தில் முகம் தெரியாத மருத்துவர் ஒருவர் பார்த்து, இது இன்னார் மாடு, போன மாசி மாதம் ஊசி போட்டது என்று சொல்ல ஒரு சுழியும் உதவாது.

வில்லை மாட்டுவது பார்க்கச் சுலபம். மூக்கணாங்கயிற்றை ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். காதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ரத்த நாளங்கள் பச்சையாக ஓடுவது தெரியும். இரண்டு நாளங்களுக்கு நடுவில், காதின் மையத்தில், குறடை வைத்து ஒரே அமுக்கு. தயங்கி அமுக்கினால் மாடு தலையை வெடுக்கென்று இழுக்கும், குத்தூசி வளையும், காது கிழியும். நுனிக்குப் போட்டால் அடுத்த மாதமே கிழித்துக்கொண்டு விழும். நாளத்தில் பட்டால் ரத்தம் நிற்காது, வீட்டுக்காரர் முகம் மாறும். மழைக்காலத்தில் போட்ட துளையில் ஈ உட்கார்ந்து புழு வைக்கும். அதனால் டிஞ்சர் வைத்ததோடு போகாமல், "ரெண்டு நாளைக்கு வேப்பெண்ணெய் தடவுங்க" என்று சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. வேலியில் தலையை நுழைக்கும் மாடு வில்லையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரும். வடக்கே எங்கோ இருந்து திட்டம் தீட்டியவர்களுக்குக் கிளுவை தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆத்தாமார்களுக்கு முதலில் வருத்தம்தான். "பொட்டப்புள்ளைக்குக் காது குத்தற மாதிரி கேக்காமக் கொள்ளாமக் குத்தறீங்களே" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். பிறகு சமாதானமாகி, வில்லைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிவிட்டார். "ஊசி போட்டாப் பால் வத்திரும்" என்ற பயம் அதைவிடப் பெரிது. இரண்டொரு நாள் பால் குறைவது உண்டு, மறைக்கவேண்டியதில்லை. நோய் வந்தால் அந்தக் கறவையே போய்விடும் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. 2013ஐப் பார்த்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். ஊசி மருந்துக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. அதனால் மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன், வெயில் ஏறுவதற்கு முன், ஐஸ் பெட்டியோடு நாங்கள் கட்டுத்தரையில் நிற்க வேண்டும்.

அப்புறம் கைபேசி. வலது கையில் ஊசியும் இடது கையில் போனுமாகத்தான் கடைசி ஆண்டுகள் போயின. முதலில் ஐனாப் என்ற செயலி, பிறகு பாரத் பசுதன். ஊசி போட்டதற்குச் சாட்சியாக உரிமையாளர் போனுக்கு ஓ.டி.பி. வரும் என்று ஏற்பாடு. போன் நம்பர் மகனுடையது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பான். அவன் இடைவேளையில் போனை எடுக்கும் வரைக்கும் மாட்டைப் பிடித்தபடி அப்பா நிற்பார். கால்நடை ஆய்வாளரும் உதவியாளரும் அடுத்த வீட்டுக்குப் போகமுடியாமல் மணியைப் பார்ப்பார்கள். போலிக் கணக்கைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது புரிகிறது. ஆனால் விடியற்காலை ஐந்தரை மணியின் அருமை அந்தச் செயலியை எழுதியவருக்குத் தெரியவில்லை.

எண் எதற்கு உதவுகிறது என்பதை நானே ஒப்புக்கொண்டது ரத்த மாதிரி எடுத்தபோது. தடுப்பூசிக்கு முன்பு சில மாடுகளில் ரத்தம் எடுத்துவிட்டு, 28 நாள் கழித்து அதே மாடுகளில் மறுபடி எடுக்க வேண்டும். எதிர்ப்பாற்றல் ஏறியிருக்கிறதா என்று ஆய்வகம் சொல்லும். அதே மாடு என்பதுதான் இதில் உயிர். முன்பெல்லாம் வெள்ளைக்குப் பதில் செவலை வந்து நிற்கும்; யாருக்கும் தெரியாது. எண் வந்த பிறகு அந்த விளையாட்டு இல்லை.

புருசெல்லாவில் எண் இன்னும் முக்கியம். நான்கிலிருந்து எட்டு மாத வயதுப் பெண் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி அது. போடுகிறவர் கையில் குத்திக்கொண்டால் அவருக்கே விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் பிடிக்கும். அதனால் கையுறை, கண்ணாடி, முகமூடி என்று நாங்கள் நிற்பதைப் பார்த்து, "கொரோனா இன்னும் போகலீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஊசி போட்ட கன்று வளர்ந்து பசுவாகும்போது அதன் ரத்தத்தைச் சோதித்தால் சில சமயம் நோய் இருப்பது போலவே முடிவு காட்டும். கன்றுப் பருவத்தில் ஊசி போட்டதா, இல்லையா என்பதைச் சொல்ல அதன் காதில் உள்ள எண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இவ்வளவும் கட்டுத்தரையில். சந்தைக்குப் போனால் வேறு உலகம். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் போன்ற சந்தைகளுக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேசும் விலை அடுத்தவருக்குத் தெரியாது. அந்தத் துண்டுக்கு அடியில் மாட்டின் பழைய கதையும் மறைந்துவிடுகிறது. வாங்கினவர் பெயருக்கு எண்ணை மாற்றித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. எத்தனை பேர் மாற்றுகிறார்கள் என்று கேட்டால் தரகர் சிரிப்பார். கடன் பாக்கி உள்ள மாட்டின் வில்லையைச் சந்தைக்கு வரும் வழியிலேயே அறுத்து எறிவதும் உண்டு. காதில் ஓட்டை இருக்கும், எண் இருக்காது. மறுபடி ஒரு மருத்துவர் பார்த்து, பாவம் வில்லை விழுந்துவிட்டது என்று புது எண் போட்டால், அந்த மாடு அன்றைக்குத்தான் பிறந்தது என்று கணினி நம்பும். காப்பீட்டுக்காரர்கள் வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்று கறாராக இருப்பதால், செத்த மாட்டின் காதை அறுத்து வில்லையோடு பையில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு வருவார்கள். எண்ணுக்குக் காப்பீட்டில் இருக்கும் மதிப்பு நோய்க் கட்டுப்பாட்டில் வரவில்லை. காரணம் மறுபடியும் அதேதான்: அங்கே எண்ணைக் காட்டினால் பணம் வருகிறது, இங்கே காட்டினால் தடை வருகிறது.

பணக்கார நாடுகள் இதில் தேறிவிட்டன என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2001 பிப்ரவரி 20 அன்று கோமாரி உறுதியானது. அங்கே மாடுகளுக்கு 1996லிருந்தே கடவுச்சீட்டு உண்டு. ஆனால் செம்மறி ஆடுகளுக்குத் தனித்தனி எண் கிடையாது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியாக ஆடுகளோடு அது நாடு முழுவதும் போய்விட்டிருந்தது. எவை எங்கே போயின என்று தேடித் தேடி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று தீர்த்துத்தான் நிறுத்தினார்கள். நம் ஊரில் அப்படிக் கொல்வது நடக்காது, நடக்கவும் கூடாது. கொல்லாமல் நோயை நிறுத்த வேண்டும் என்றால் ஊசியும் எண்ணும் முதல் தகவலும்தான் நமக்கு மிச்சம். ஊசிக்குக் கோடிகள் ஒதுக்கியாயிற்று, எண்ணும் காதில் ஏறிவிட்டது. முதல் தகவலுக்கு மட்டும் ஒரு காசு கூட ஒதுக்கவில்லை.

முதலில் வந்து சொல்லும் வீட்டுக்குச் சிகிச்சையும் மருந்தும் இலவசம் என்பதோடு, பால் நின்ற நாட்களுக்கு ஒரு தொகையும் உடனே கையில் கொடுக்க வேண்டும். பறவைக் காய்ச்சலில் கோழிகளை அழிக்கும்போது உரிமையாளருக்கு இழப்பீடு கொடுக்கிறோம். கறவை மாட்டுக்காரருக்கும் அந்த நியாயம் உண்டு. அபராதத்தை ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் ஆக்கலாம் என்று கூட்டங்களில் பேசுவார்கள். அதைச் செய்தால் மறைப்பவர்கள் இன்னும் கவனமாக மறைப்பார்கள்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாத சில காரியங்களும் இருக்கின்றன. மாடு வாங்கப் போகிறவர்கள் சுழியும் பல்லும் மடியும் பார்த்த பிறகு காதையும் பாருங்கள். பன்னிரண்டு இலக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லை புதிதாகவும் காதில் பழைய ஓட்டையும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மருந்தகத்தில் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புது மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி, கடைசியாகத் தீனி போடுங்கள். வாயில் கோழை ஒழுகினால் உங்கள் மருந்தகத்துக்கோ 1962க்கோ அன்றைக்கே போன் செய்யுங்கள். வில்லைக்கும் கோமாரித் தடுப்பூசிக்கும் கட்டணம் கிடையாது.